பிள்ளைகளை வாசல் வரை ஆற்றுப்படுத்துவோம்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டிப் பெற்றோரும் ஆசிரியரும் இளையோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றால் ஆலயத்திற்கு வண்ணம் பூசுகிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், தேருக்கு மின்விளக்குப் போடுகிறோம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதை லேவியராகமம் படித்தவர்கள் அறிவீர்கள். அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். நிலத்தை இழந்தவன் தன் நிலத்திற்குத் திரும்ப வேண்டும். சுருங்கச் சொன்னால், இடம் இழந்தவனுக்கு இடம் கிடைக்க வேண்டும். அதுதான் யூபிலி. அந்த முறையில், நம் பங்கின் பிள்ளைகள் படித்து முடித்தபின் அவர்களுக்குரிய இடத்தில் போய்ச் சேருகிறார்களா என்ற கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த செய்தியைப் பற்றியே பெரும்பாலும் பிரசங்கம் கேட்டிருப்போம். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தை வெளிக்குப் போகிறார். பிறகு ஒன்பது மணிக்குப் போகிறார். பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போகிறார். ஐந்து முறை! அந்த ஐந்து மணி ஆட்களைப் பார்த்து ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன மறுமொழி என்ன? எங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதுதான். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அழைப்பார் இல்லாதவர்கள். நம் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் நிற்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது இந்த மறுமொழி நம் காதில் ஒலிக்க வேண்டாமா?

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்

பள்ளிகளில் மாணவருக்கு வழிகாட்டி அறிவுரை கூறும் பணியை நம் திருச்சபை வட்டாரத்தில் ஆற்றுப்படுத்துதல் என்று அழகாகச் சொல்கிறோம். இது பழந்தமிழ்ச் சொல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் ஆற்றுப்படை நூல்களே. அவற்றில் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கிலும் என்ன நடக்கிறது? வள்ளலிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கலைஞன், வழியில் பசியோடு வருகிற இன்னொரு கலைஞனைக் காண்கிறான். அவனிடம், ‘கவலைப்படாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவதில்லை. எந்த வழியாகப் போக வேண்டும், இடையில் எந்த ஊர்கள் வரும், எங்கே தங்கலாம், எவர் சோறு தருவார், எந்த இடத்தில் ஆபத்து உண்டு, வள்ளலின் வாசலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் விரித்துச் சொல்கிறான். தான் போய் வந்த வழியைச் சொல்கிறான். அதனால்தான் அவன் சொல்லுக்கு மதிப்பு.

வழிகாட்டும் பணியில் பல கூறுகள் உண்டு. மாணவனின் திறமையையும் விருப்பத்தையும் அறிவது ஒன்று. படிப்புகளையும் தொழில்களையும் பற்றிய செய்திகளைத் திரட்டித் தருவது ஒன்று. மனக்கலக்கம் உள்ள பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவது ஒன்று. இவையெல்லாம் முடிந்தபின் வருவது, அந்தப் பிள்ளையை அவனுக்குத் தகுந்த அடுத்த இடத்தில் கொண்டுபோய் அமர்த்துவது. அந்த இடம் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேல்வகுப்பில் தகுந்த பாடப்பிரிவாக இருக்கலாம், தொழிற்பயிற்சி நிலையமாக இருக்கலாம், கல்லூரியாக இருக்கலாம், பட்டறையாகவும் இருக்கலாம். அமர்த்தியபின் அவன் அங்கே நிலைத்தானா என்று போய்ப் பார்ப்பதும் இதே பணியைச் சேர்ந்தது. நம் பள்ளிகளில் முதல் மூன்றும் ஓரளவுக்காவது நடக்கின்றன. கடைசி இரண்டில்தான் பிள்ளைகளைக் கோட்டைவிடுகிறோம்.

தொன் போஸ்கோ இட்ட கையெழுத்து

இந்தப் பணி நமக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் தூரின் நகரத்துக்குக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்து குவிந்தார்கள். கொத்து வேலைக்கும் பட்டறைகளுக்கும் அவர்களை எடுத்துக்கொண்ட முதலாளிகள் பலர், தொழில் கற்றுக்கொடுக்காமல் எடுபிடி வேலை வாங்கினார்கள். புனித தொன் போஸ்கோ ஞாயிறுதோறும் அச்சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி சொன்னதோடு நின்றுவிடவில்லை. வாரநாட்களில் அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தார்.

1852 பிப்ரவரியில் ஒரு தச்சுத் தொழில் முதலாளிக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தொழிலை முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது. கடன் திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். வாரந்தோறும் கூலி தர வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். அதில் முதலாளியும் பையனும் மட்டுமல்ல, தொன் போஸ்கோவும் கையெழுத்திட்டார். ஒரு குருவானவர் ஏழைச் சிறுவனுக்காகக் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1934இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருடைய சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது 1906 ஜனவரியில். அதுவும் நமக்கு அடுத்த தஞ்சாவூரில்! அங்கே அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்றுத் தொழிற்கல்வியும் தந்தார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் இளைஞருக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை நீ அறிந்துகொள், தொழிலை அறிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் வகுத்த முறையின் சாரம். இன்று உலகெங்கும் உள்ள பள்ளி வழிகாட்டுப் பணிக்கு அவரையே முன்னோடி என்பார்கள். நம் நாட்டிலே, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. பிறகு பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. நம் தமிழகத்தின் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவும், 1964–66இல் அமைந்த கோத்தாரி குழுவும் பள்ளிகளில் வழிகாட்டும் பணி வேண்டுமென்று வலியுறுத்தின. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அண்மையில், 2022இல், நான் முதல்வன் திட்டமும் வந்துள்ளது. ஆகவே சட்டத்துக்கும் திட்டத்துக்கும் பஞ்சமில்லை. திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே கைபிடித்து அழைத்துப் போகிற ஆள்தான் பஞ்சம்.

நம் மண்ணில் திறந்த வாசல்கள்

வாசலைத் திறந்துவிடுவார் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் புதுக்கோட்டையே சான்று. 1886இல் இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி என்ற பெண், மெட்ரிகுலேஷன் தேறி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தார். அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். திறமை அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் அந்த ஒரு வாசல் அன்றைக்குத் திறக்காமல் போயிருந்தால்?

இன்னொன்றை உங்களில் பலர் கண்ணாலேயே கண்டிருப்பீர்கள். 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துப் படித்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு வேலைக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் வழி திறந்தது. கல்குவாரியில் கூலிக்குக் கல்லுடைத்த பெண்களின் குழுக்கள் தாங்களே குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்து அதோடு நிறுத்தியிருந்தால் அது இவ்வளவு தூரம் பயன்பட்டிருக்காது. கற்றவளுக்குப் போய்ச் சேரவும் ஓர் இடம் இருந்தது; அங்கே போகச் சைக்கிளும் இருந்தது.

நான் செய்த பிழை

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமையாக அல்ல, பாவசங்கீர்த்தனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் தொழில் வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் சுமாராகத் தேறிய ஒரு பையன். ஆனால் கைவேலையில் கெட்டிக்காரன். பள்ளியின் அடிகுழாய் பழுதானால் அவன்தான் சரிசெய்வான். அவனைப் பிட்டர் பிரிவில் சேர்க்கலாம் என்று நானே முடிவு செய்து, விண்ணப்பம் வாங்கி நிரப்பி, நற்சான்று எழுதி, ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது. என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ‘சேர்க்கப்பட்டான்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். தலைமையாசிரியர் பாராட்டினார்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் உடம்பெல்லாம் எண்ணெயும் புழுதியுமாக ஒருவன், ‘சார்!’ என்று வந்து நின்றான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில் ஆந்திரப் பக்கம் போய்விட்டு ஊருக்கு வந்திருந்தான். பிட்டர் படிப்பு என்னவாயிற்று என்று கேட்டேன்.

‘ஒன்பது நாள் போனேன் சார். பட்டறைக்குள்ள ஷூ இல்லாம வரக் கூடாதுன்னாங்க. எங்கிட்ட செருப்பே இல்ல. வெளியில நின்னுட்டு வந்துருவேன். வீட்டுல கேக்க மனசு வரல. அப்பறம் போகல.’

விதி சரியான விதிதான். இரும்புத் துண்டு காலில் விழுந்தால் விரல் போய்விடும். அவர்கள் மீது பிழை இல்லை. ‘என்னிடம் சொல்லியிருக்கலாமே தம்பி!’ என்றேன்.

‘நீங்க அப்பறம் கேக்கவே இல்லையே சார்’ என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெருமக்களே, ஒரு ஜோடிக் காலணி! அந்தக் காலணியின் விலையில் ஒரு பையனின் பிழைப்பு கைநழுவிப் போயிற்று. வாங்கித் தருவதற்கு என்னிடம் பணம் இல்லாமலில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சேர்த்துவிட்டதோடு என் வேலை முடிந்தது என்று எண்ணினேன். உண்மையில் அன்றுதான் அது தொடங்கியிருக்க வேண்டும். இன்று அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் சீருடை, காலணி, மிதிவண்டி, பேருந்துச் சலுகை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை எல்லாம் தருகிறார்கள். நல்லதே. ஆனால் காலணி இல்லாவிட்டால் வேறொன்று இல்லாமல் போகும். விடுதியில் ஒத்துப்போகாது, ஆங்கிலம் புரியாது, அப்பாவுக்கு உடல்நலம் கெடும். கேட்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளை சொல்லாமலே நின்றுவிடும்.

மதிப்பெண் பட்டியலுக்குப் பிந்திய மாதங்கள்

மதிப்பெண் பட்டியல் கையில் வந்த நாளுக்கும் அடுத்த இடத்தில் சேருகிற நாளுக்கும் இடையே இரண்டொரு மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில்தான் நம் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள்.

பட்டியல் வழங்கும் நாளிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் பள்ளியில் செய்து தருகிற வழக்கம் வந்துள்ளது. பல பெற்றோர் அந்த அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, இனி அரசாங்கம் அழைக்கும் என்று காத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு வரிசையில் நிற்பதற்கான அடையாளமே தவிர வேலை அன்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் அந்த வரிசையும் போய்விடும். பதிவைக் காப்பாற்றுங்கள்; ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிராதீர்கள்.

நாம் வராத அந்த மாதங்களில் வேறொருவர் தவறாமல் வருகிறார், அவர்தான் தரகர். அவர் வீடு தேடி வருகிறார்; தாய் தகப்பனோடு உட்கார்ந்து பேசுகிறார்; முன்பணம் கொடுக்கிறார்; வண்டி வைத்து அழைத்துப் போகிறார். வருத்தத்தோடு சொல்கிறேன், நாம் செய்ய வேண்டிய பணியின் எல்லாப் படிகளையும் அவர் செய்து முடித்துவிடுகிறார்! பெண் பிள்ளைகளை நூற்பாலைக்கு அழைத்துப்போய், மூன்றாண்டு முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தை நம் தென்மாவட்டத் தாய்மார்கள் மறந்திருக்க முடியாது. இடையில் உடல்நலம் கெட்டுத் திரும்பிய பிள்ளைகளில் பலர் அந்தத் தொகையைக் கண்ணால் காணவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும், 18 வயதுக்கு உட்பட்டவரை ஆபத்தான வேலைக்கும் அமர்த்துவது குற்றம் என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. இதைத் தரகர் சொல்லமாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் பங்கிலேயே எத்தனையோ வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவைதான். ஆனால் முகவர் மைய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்தி வருகிறது. முதலில் அதை விசாரியுங்கள்.

வயலும் தோப்பும் எல்லாரையும் தாங்கிய காலம் போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் நம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, தோப்பை நம்பியிருந்த எத்தனை குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பைவிட்டு வெளியூர் போனார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். எனவே பிள்ளைகள் வெளியே போகத்தான் போகிறார்கள். தரகர் கையைப் பிடித்துப் போவார்களா, நம் கையைப் பிடித்துப் போவார்களா என்பதே கேள்வி.

நமக்குத் தெரிந்த பணிதான்

இதையெல்லாம் பங்கு செய்ய முடியுமா என்று சிலர் கேட்பீர்கள். நான் சொல்கிறேன், நமக்கு இது நன்றாகத் தெரிந்த பணி!

ஒரு பையன் குருமடத்தில் சேர விரும்பினால் நாம் என்ன செய்கிறோம்? பீடச் சிறுவனாக இருக்கும்போதே பங்குத்தந்தை அவனைக் கவனிக்கிறார். தேவ அழைத்தல் முகாமுக்கு அனுப்புகிறார். வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசுகிறார். நற்சான்றுக் கடிதம் எழுதுகிறார். பெட்டி, பாய், உடுப்புக்குப் பங்கு மக்கள் உதவுகிறார்கள். குருமட வாசல் வரை கொண்டுபோய் விடுகிறோம். விடுமுறைக்கு வந்தால் எப்படி இருக்கிறாய் தம்பி என்று ஊரே கேட்கிறது. அவன் மனம் மாறித் திரும்பி வந்தாலும் ஏற்றுக்கொண்டு வேறு வழி பார்க்கிறோம். கன்னியர் மடத்துக்குப் போகிற பெண்ணுக்கும் அப்படியே. இதைவிடச் சிறந்த ஆற்றுப்படுத்தும் முறையை எந்த நூலும் கற்றுக்கொடுக்க முடியாது!

பற்ற வைக்கிறவனாக, செவிலியாக, மின்பணியாளனாகப் போகிற பிள்ளைக்கும் இறைவனுடைய அழைத்தல் இருக்கிறது அல்லவா? நாசரேத்தூரில் ஆண்டவரே தச்சு வேலை செய்தார். புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக வைத்து மே முதல் நாளைத் திருநாளாக்கியவர் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், ஆண்டு 1955. அப்படியிருக்க, குருமடத்துப் பிள்ளைக்குச் செய்வதில் பாதியையாவது பட்டறைக்குப் போகிற பிள்ளைக்கும் செய்தால் என்ன?

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் நம் பங்கு செய்யக்கூடியதாக நான்கு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு. திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் ஏடு வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கும் ஓர் ஏடு வைப்போம். மதிப்பெண்ணை மட்டும் எழுதாமல், கையில் என்ன திறமை, மனதில் என்ன ஆசை, வீட்டில் என்ன நிலைமை என்பதையும் அன்பியம்தோறும் எழுதி வைப்போம். தேர்வில் தவறிய பிள்ளையின் பெயரை முதலில் எழுத வேண்டும். துணைத் தேர்வு உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரக்கூடிய பிரிவுகளும் தொழிற்பயிற்சி நிலையங்களில் உண்டு. இது தெரியாமல்தான் பலர் லாரி ஏறுகிறார்கள்.

இரண்டாவது, போய் வந்தவர்களின் பட்டியல். ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் தானே போய் வந்தவன் என்றேன் அல்லவா? நம் பங்கில் செவிலியர் இருக்கிறார்கள், படைவீரர் இருக்கிறார்கள், திருச்சி பாய்லர் ஆலையில் பழகுநராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், மாத்தூர்ப் பட்டறைகளில் பற்றவைப்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சிங்கப்பூர், வளைகுடா போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முகப்பில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். எந்தப் பேருந்து, என்ன சான்று, எவ்வளவு செலவு, வேலை எவ்வளவு கடினம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் துன்பத்தை மறைக்காதீர்கள். எதிர்வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காகக் கடன் வாங்கிப் படிக்க வைக்கிற பெற்றோருக்கு அந்த உண்மை ஒன்றே போதும்.

மூன்றாவது, கூடப் போவது. விண்ணப்பம் கொடுக்கும் நாளிலும் சேரும் நாளிலும், படிக்காத பெற்றோரின் பிள்ளையோடு படித்த ஒருவர் வாசல் வரை போக வேண்டும். தரகர் காகிதம் நீட்டினால், பங்கில் ஒருவர் படித்துப் பார்க்காமல் எவரும் கைநாட்டு வைப்பதில்லை என்று இன்றே உறுதி எடுப்போம்.

நான்காவதுதான் தலையாயது. மறுபடியும் போய்ப் பார்ப்பது! சேர்ந்த மூன்றாம் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆண்டு முடிவில் ஒருமுறை. பிரடெரிக் ஓசானாம் 1833இல் பாரீசில் இருபது வயது இளைஞராகத் தோழர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்கு உயிர்நாடியே வீடு சந்திப்புத்தான். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இருவர் இருவராகப் போய் வருகிறார்கள். அந்தச் சந்திப்பில் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கான உண்டியலில் ‘காலணிக்காக’ என்று ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். எதற்கு என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

முடிவாக

திராட்சைத் தோட்டத்து எசமான் ஐந்தாம் முறையும் சந்தை வெளிக்குப் போனார். நான்கு முறை போயாயிற்று, போதும் என்று அவர் இருந்திருந்தால், மாலை வரை காத்து நின்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்கள். நான் ஒருமுறை அனுப்பினேன். இரண்டாம் முறை போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை ஆண்டவரிடம் நான் ஒப்புவிக்க வேண்டும். நீங்கள் அந்தக் குறைக்கு இடம் வைக்காதீர்கள்.

அந்தப் பையன் இன்று என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்று பேருந்து நிலையத்தில் கண்டதுதான். அதன்பின் அவனைக் காணவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வருகிற நாளில் அவன் வார்த்தை என் காதில் விழுகிறது. ‘நீங்க அப்பறம் கேக்கவே இல்லையே சார்.’ இளைஞர்களே, உங்களை இனி நாங்கள் கேட்போம். பெரியோர்களே, கேட்பீர்கள் அல்லவா?

தொழிலாளியான புனித சூசையப்பர் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடத்துவாராக! 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!